தருமமா, உரிமையா?
இலங்கையில் இலவச வைத்தியம் வளர்ந்த வரலாறு

நோயுற்றவனுக்கு மருந்து கொடுப்பது யார் கடன்? வீட்டார் கடனா, ஊரார் கடனா, அறஞ்செய்வார் கடனா, அன்றி அரசின் கடனா? இவ்வினாவுக்கு உலகம் இன்னும் ஒருமித்த விடை கண்டிலது. பிரித்தானியா 1948ஆம் ஆண்டு யூலை மாதம் 5ஆந் திகதி தொடக்கம் குடிகள் யாவர்க்கும் வைத்தியம் அரசின் கடனென ஏற்றது. செல்வத்திற் சிறந்த அமெரிக்காவிலோ அது காப்புறுதிக் கம்பனிக்கும் தனிமனிதனுக்குமிடையே உள்ள கொடுக்கல் வாங்கலென்றே பெரும்பாலும் கருதப்படுகின்றது. அங்கு இவ்வாதம் ஒவ்வொரு தேர்தலிலும் மீண்டும் மீண்டும் எழுகின்றது.

செல்வநாடென்று ஒருகாலும் எண்ணப்படாத எமது இலங்கையும் இவ்வாதத்திற் பங்குகொண்டது. 1951ஆம் ஆண்டளவில் தனக்கென ஒரு விடையையும் கண்டது. ஆஸ்பத்திரிக்குச் சென்று துண்டெடுத்து, வாங்கில் இருந்து, மருந்து வாங்கி வருகின்ற எமது இளைஞரிற் பலர் அவ்விடை எவ்வாறு பிறந்ததென்பதை அறியார். பெரியோரிற் சிலர் அறிந்தும் மறந்தனர். அதனை ஒருமுறை நினைவூட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டையோர் அறம்

வைத்தியசாலை எமது நாகரிகத்துக்குப் புதிதன்று. மிகிந்தலையிலே பௌத்த விகாரையைச் சார்ந்த பழைய வைத்தியசாலையின் அத்திவாரமும், நோயாளியைக் கிடத்தி மூலிகை எண்ணெயிலே தோய்விக்கும் கற்றொட்டியும் இன்றுங் காணக் கிடக்கின்றன. தமிழகத்திலே காஞ்சிபுரத்துக்கு அணித்தாயுள்ள திருமுக்கூடலிற் பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்றுண்டு. அங்கே பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை ஒன்று இருந்ததென்பதும், மருத்துவன், சத்திர வைத்தியஞ் செய்வோன், மருந்து கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்கு இவ்வளவு நெல் என்று அளந்து வைக்கப்பட்டதென்பதும் அக்கல்வெட்டால் விளங்குகின்றன. மருந்துகளின் பெயர்கள் கூட அதிற் பொறிக்கப்பட்டுள்ளன.

இவற்றைப் படிக்கும்போது எமக்குப் பெருமிதம் உண்டாவது இயல்பே. ஆயினும் வரலாறு கற்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். திருமுக்கூடற் சாலை அக்கோயிலைச் சார்ந்து கல்வி கற்ற மாணாக்கருக்கும் கோயிற் பணியாளருக்கும் உரியது. மிகிந்தலைச் சாலை துறவிகளுக்குரியது. வயலில் உழுதவனும் கரையில் வலையிழுத்தவனும் அங்கே வந்து, 'இது என் உரிமை' என்று கேட்கும் நிலை இருக்கவில்லை. அறம் செய்தவனுடைய மனம் விரிந்த அளவே அறத்தின் எல்லையும் விரிந்தது. மன்னன் மாறினால், மானியம் நின்றால், சாலையும் நின்றது. இக்குறை பண்டையோரின் குறையன்று. தருமம் என்னும் முறையிலேயே உள்ள குறையாகும்.

ஆங்கிலர் காலத்துத் தருமாஸ்பத்திரிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்துக்கு மேனாட்டு வைத்தியம் பெரும்பாலும் தருமத்தின் வாயிலாகவே வந்தது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் இங்கு வந்து, மறுவருடம் மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்தார். அவர் தமிழ் கற்று, மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழிலாக்குவித்து, தமிழிலேயே வைத்தியங் கற்பித்து, அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் இளைஞரை வைத்தியராக்கினார். ஏசண்டராயிருந்த டைக் துரை காலத்தில், 1850இல், நண்பர் சங்கம் ஒன்றின் முயற்சியால் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரி நிறுவப்பட்டது. இன்றைய யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியின் வேர் அதுவே. தனிப்பட்டோர் பணஞ்சேர்த்து நடத்திய அச்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அரசாங்கத்தின் கையிற் சேர்ந்தது.

அரசாங்கமோ 1858இலேதான் குடிகளுக்கென வைத்தியப் பகுதியொன்றை ஏற்படுத்தியது. அதற்குமுன் படையினர்க்கே முதலிடம். 1870இற் கொழும்பில் வைத்தியக் கல்லூரி தோன்றியது. நகரங்களில் ஆஸ்பத்திரிகளும், ஊர்களில் அப்போதிக்கரிமார் இருந்த மருந்துச்சாலைகளும் மெல்லப் பெருகின. அங்கே ஏழையென்று கணிக்கப்பட்டவர்க்கு இலவசம், வருமானமுடையவர்க்குக் கட்டணம். ஊரிலே பெரும்பாலார்க்குப் பரியாரியாரும் மருத்துவிச்சியுமே துணை.

இவ்விடத்து எமது ஆறுமுக நாவலரவர்களை நினையாது செல்லுதல் தகாது. 1870களின் பிற்பகுதியிற் பஞ்சமும் வாந்திபேதியும் யாழ்ப்பாணத்தை வருத்தியபோது நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினாரென்பதை யாவரும் அறிவர். அவர் அத்தோடு அமையவில்லை என்பதைச் சிலரே அறிவர். வரி வாங்கும் அரசாங்கம் பஞ்சகாலத்திற் செய்யவேண்டிய கடனைச் செய்யவில்லை என்று ஏசண்டர் துவைனம் துரையை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். ஒரு கையாற் கஞ்சி வார்த்த அவரே மறுகையால் அரசின் கடனையும் எழுதிக் காட்டினார். தருமம் செய்பவன் அரசைக் கேள்வி கேட்கலாகாது என்னும் எண்ணம் நாவலரிடத்தில் இருக்கவில்லை. எமது நாட்டிலே இவ்வாதத்தின் முதல் ஏடுகளுள் அவர் எழுதியதும் ஒன்றென நாம் கொள்ளலாம்.

வாக்குச்சீட்டும் மருந்துச்சாலையும்

அடுத்த பெருந்திருப்பம் வைத்தியரால் வந்ததன்று, வாக்குச்சீட்டால் வந்தது. டொனமூர் ஆணைக்குழுவினர் 1928இல் வெளியிட்ட அறிக்கை இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வழங்க வழிசெய்தது. இந்நாட்டிலே ஏழைகளைக் காக்கும் சட்டங்கள் மிகவும் பின்தங்கியிருந்தமையை அவ்வறிஞர் கண்டனர். வாக்கில்லாதவனுடைய பசியைச் சட்டஞ்செய்வோர் கவனியார் என்பது அவர்கள் துணிபு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் முதலிய பெருந்தலைவர்கள் யாவர்க்கும் வாக்களித்தலை எதிர்த்தனர். கல்வியும் சொத்தும் இல்லாதாரிடம் ஆட்சியை ஒப்புவித்தல் கேடென அவர்கள் அஞ்சினர்.

1931இல் முதலாவது அரசாங்க சபைத் தேர்தல் நடைபெற்றது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸார் பூரண சுயராச்சியமன்றிப் பிறிதொன்றும் வேண்டாமென்று அதனைப் பகிஷ்கரித்தனர். யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளும் 1934 வரை வெறுமையாயிருந்தன. அவ்விளைஞரின் நாட்டுப்பற்றையும் துணிவையும் நாம் மதிக்கின்றோம். எனினும் அரசாங்க சபையிலே சுகாதாரம், கல்வி, உள்ளூராட்சி முதலிய துறைகளுக்குத் தனித்தனி நிர்வாகக் குழுக்கள் அமைந்து, எவ்வூருக்கு எம்மருந்துச்சாலை என்று பேசப்பட்ட முதல் மூன்றாண்டுகளும் அந்நான்கு ஆசனங்களும் வாய்பேசாதிருந்தன என்பதையும் வரலாறு குறித்து வைத்துள்ளது.

வாக்குப் பெற்ற மக்கள் முதலிற் கேட்டவை பாடசாலை, வீதி, ஆஸ்பத்திரி என்பனவே. உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் தொகுதிக்கு ஒரு சிற்றாஸ்பத்திரியாவது பெற்றுக்கொடாது மறுமுறை வாக்குக் கேட்கச் செல்ல நாணினர். இலவச வைத்தியம் ஒரு தத்துவ நூலிலிருந்து இறங்கி வந்ததன்று. அது வாக்குச்சாவடியிலிருந்து மேலே ஏறிச் சென்றது.

எண்பதினாயிரம் உயிர்கள்

1934ஆம் ஆண்டு மழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாய்த் தேங்கின. ஓடும் நீரில் முட்டையிடமுடியாத மலேரியா நுளம்புகள் அக்குட்டைகளிற் பெருகின. அவ்வாண்டின் இறுதியிற் கேகாலை, குருநாகற் பகுதிகளிலே மூண்ட காய்ச்சல் சில மாதங்களுள் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்டு சென்றது. 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நாட்டின் சனத்தொகை ஏறக்குறைய ஐம்பத்துமூன்று இலட்சமே. 1935இற் பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 263 ஒரு வயது நிரம்புமுன் இறந்தன.

மலேரியா நெடுங்காலமாய் இருந்த வறண்ட பகுதிகளில் மக்கள் உடல் அந்நோய்க்கு ஓரளவு பழகியிருந்தது. கேகாலைப் பகுதியாருக்கோ அப்பழக்கமில்லை. அன்றியும் உலகப் பொருளாதார மந்தத்தால் இறப்பர், தேங்காய் விலை வீழ்ந்து, வேலையிழந்து, பல மாதங்களாக அரைவயிறு உண்டிருந்த மக்கள் அவர்கள். கொயினா மாத்திரை கொடுத்தாலும் அதைத் தாங்கச் சோறு வேண்டும் என்பது ஊழியஞ் செய்யச் சென்றோர்க்கு விரைவிற் புலப்பட்டது. சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கா, என். எம். பெரேரா முதலியோர் கிராமம் கிராமமாகச் சென்று மருந்தும் உணவும் கொடுத்தனர். அவர்களிற் பலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாசக் கட்சியைத் தோற்றுவித்தனர். மறுவருடத் தேர்தலில் என். எம். பெரேரா அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

நோயைத் தீர்த்தல் தனிமனிதன் கருமம் என்று அதுவரை கூறியவர்க்கு இக்கொள்ளைநோய் விடையிறுத்தது. நுளம்புக்குச் செல்வர் வீட்டுக் கதவும் ஏழை குடிசையும் ஒன்றே. அயலவன் காய்ச்சல் தீராவிடின் உன் காய்ச்சலும் தீராது. கொள்ளைநோயை அடக்குவதற்கென அவசரமாய்த் திறக்கப்பட்ட மருந்துச்சாலைகளை நோய் தணிந்தபின் மூடிவிட எவ்வுறுப்பினரும் துணியவில்லை, அவை பெருகின. 1926இற் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பகுதி முறையும் நாடெங்கும் பரவிற்று. மருத்துவிச்சிகள் பயிற்சி பெற்று வீடு வீடாய்ச் சென்று கர்ப்பிணிகளைப் பார்த்தனர். சுகாதாரப் பரிசோதகர் கிணறும் மலகூடமும் பார்த்தனர். பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடங்களினும் இவர்களுடைய கால்நடையே பல உயிர்களைக் காத்தது என்று நாம் துணிந்து கூறுவோம்.

ஏழைச் சட்டமா, யாவர்க்கும் சேவையா?

இனி, வாதத்தின் கருவுக்கு வருவோம். வெடர்பேண் என்பார் 1934இல் ஏழைகளுக்கு உதவும் முறைபற்றி அறிக்கை சமர்ப்பித்தார். அதன் வழியாக 1939இல் ஏழைச் சட்டம் ஒன்று நிறைவேறிற்று. கொழும்பு, கண்டி, காலி ஆகிய நகரசபைகள் தத்தம் எல்லையிலுள்ள திக்கற்றவர்க்கு உதவவேண்டுமென்பது அதன் சாரம். இது ஆங்கில நாட்டுப் பழைய முறையின் சாயல். ஒருவன் தான் திக்கற்றவனென்று நிரூபித்த பின்பே உதவி பெறுவான். கைநீட்டும்போதே அவன் தலைகுனிகின்றான்.

1942இல் பெவரிஜ் அறிக்கை இங்கிலாந்தில் வெளிவந்தது. பிணி, முதுமை, வேலையின்மை ஆகியவற்றினின்றும் குடிகள் யாவரையும் காத்தல் அரசின் கடனென்னும் கருத்து அதன்பின் உலகெங்கும் பேசப்பட்டது. இலங்கையிலும் 1944இல் சேர் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிற் சமூக சேவை ஆணைக்குழு நியமிக்கப்பட்டு, 1947இல் அதன் அறிக்கை வெளிவந்தது. ஏழை நிவாரணம், முதுமை, வேலையின்மை, காப்புறுதி முதலியவற்றை அது விரிவாக ஆராய்ந்தது. 1948இற் சமூக சேவைத் திணைக்களம் தோன்றியது. இதற்கிடையே 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வியும் வந்துவிட்டது.

அக்காலத்தில் முன்வைக்கப்பட்ட வழிகள் மூன்று. ஏழைக்கு மட்டும் இலவசம். ஏனையோர் கட்டணம் செலுத்துக என்பது ஒன்று. தொழிலாளியும் முதலாளியும் பணங்கட்டும் காப்புறுதி முறை மற்றொன்று. வரிப்பணத்தைக் கொண்டு யாவர்க்கும் இலவசமென்பது மூன்றாவது. காப்புறுதி முறைக்கு மாதச் சம்பளம் வேண்டும். எமது நாட்டிற் பெரும்பாலார் கமக்காரர், கூலியாட்கள், மீன்பிடிப்போர். அவர்களிடம் மாதந்தோறும் பணம் பிடிப்பதெங்ஙனம்? ஏழையைப் பிரித்தறியும் முறைக்கு விதானையாரின் சான்றிதழ் வேண்டும். விதானையாரின் முகங்கோணாதவனே ஏழையாவான். ஆகவே மூன்றாம் வழியே எஞ்சியது. 1951ஆம் ஆண்டளவில் அரசாங்க ஆஸ்பத்திரிகளிற் சிகிச்சை யாவர்க்கும் இலவசமாயிற்று. கம்ஸ்ரன் என்னும் அவுஸ்திரேலிய நிபுணர் 1950இற் செய்த சிபாரிசுகளை ஒட்டி 1952இற் சுகாதார சேவைச் சட்டம் நிறைவேறிற்று.

விளைவு என்ன? 1946இல் ஆயிரவர்க்கு ஏறத்தாழ 20 ஆயிருந்த மரண வீதம் 1947இல் 14 ஆகக் குறைந்தது. பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 141 ஆயிருந்த சிசு மரணம் 1950இல் 82 ஆகவும், 1960இல் 57 ஆகவும் இறங்கிற்று. டி.டி.ரி. மருந்து தெளித்து மலேரியாவை ஒழித்தமையே இதற்குக் காரணமென்றனர் சிலர். மலேரியா மிகுதியாக இல்லாத பகுதிகளிலும் மரணம் குறைந்தமையை எடுத்துக்காட்டி, ஆஸ்பத்திரியும் மருத்துவிச்சியும் கூப்பன் அரிசியும் சேர்ந்தே இதனைச் செய்தன என்றனர் வேறு சிலர். எமக்குப் பின்னவர் கூற்றே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

பணம் எங்கே?

எதிர்வாதத்தையும் நாம் நேர்மையாக எடுத்து நோக்குதல் வேண்டும். இலவசம் என்பது பேச்சளவிலேயே. யாரோ ஒருவர் பணங்கொடுத்தே ஆகவேண்டும். 1950, 1951ஆம் ஆண்டுகளிற் கொரிய யுத்தத்தால் இறப்பர் விலை ஏறிப் பணம் குவிந்தது. 1952இல் விலை வீழ்ந்தது. 1953 யூலையில் அரசாங்கம் கூப்பன் அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திற்று. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்திற்று. ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடு ஹர்த்தாலால் நின்றது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. ஒக்டோபரிலே பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். ஒருமுறை கொடுத்ததை மீளப்பெறுதல் எவ்வளவு கடினம் என்பதை அதன்பின் வந்த அரசுகள் யாவும் நினைவில் வைத்தன.

கேம்பிரிட்ஜ் பொருளியலறிஞர் ஜோன் றொபின்சன் அம்மையார் 1950களின் இறுதியில் இந்நாட்டைப் பார்த்து, மரத்தை நடுமுன்னரே பழத்தைச் சுவைக்க முயலும் நாடு என்னும் கருத்துப்படக் கூறியதாக அறிஞர் பலர் எடுத்துரைப்பர். தொழிற்சாலையும் விளைச்சலும் பெருகாமற் சேவைகளை மட்டும் பெருக்கினால் எத்தனை நாள் தாங்கும் என்பது அதன் பொருள். இவ்வெச்சரிக்கையிலே உண்மை உண்டு. 1960களில் அந்நியச் செலாவணி வற்றியபோது நாடு அதனை உணர்ந்தது.

1971 நவம்பரில் நிதியமைச்சர் ஒருவர் வெளிநோயாளர் துண்டுக்கு 25 சதம் என்று கட்டணம் விதித்தார். அவர் யார்? மலேரியாக் காலத்திலே கிராமங்களில் மருந்து கொடுத்துத் திரிந்த அதே என். எம். பெரேரா அவர்கள்! கொள்கையை மறந்தாரென்று அவரைத் தூற்றுதல் எளிது. வெறுமையான திறைசேரியின் சாவியைக் கையில் வைத்திருப்பவனுக்கே அதன் பாரம் தெரியும். அதற்கு இருபதாண்டுகளின் முன், 1951இல், பிரித்தானிய அரசு மூக்குக்கண்ணாடிக்கும் பொய்ப்பற்களுக்கும் கட்டணம் விதித்தபோது, அச்சேவையைத் தோற்றுவித்த அனியூரின் பெவன் அமைச்சர் பதவியைத் துறந்து வெளியேறினார். பெரேரா அவர்களோ உள்ளிருந்து கட்டணம் விதித்தார். 25 சதம் சிறு தொகைதான். ஆயினும் கூலிக்காரத் தாய் மூன்று பிள்ளைகளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தால் அது சிறு தொகையன்று. 1977இல் ஆட்சி மாறியபின் அக்கட்டணம் நீங்கிற்று.

சிக்கனம் எங்கே கூடாது என்பதற்கும் எமது வரலாறே சான்று பகரும். 1963இல் நாடு முழுவதிலும் மலேரியா கண்டவர் 17 பேரே. நோய் ஒழிந்ததென்று மருந்து தெளித்தலும் கண்காணிப்பும் தளர்த்தப்பட்டன. 1968, 1969ஆம் ஆண்டுகளில் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. பின்னர் நெடுங்காலம் போராடி, 2012இன் பின் உள்நாட்டு மலேரியா இல்லாமற் செய்து, 2016இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றிதழையும் இந்நாடு பெற்றது. காவலாளி தூங்கியதால் ஏற்பட்ட நட்டம் காவலாளியின் சம்பளத்தினும் எத்தனையோ மடங்கு பெரிது.

'யாவர்க்கும்' என்பதில் அடங்காதோர்

யாவர்க்கும் இலவசம் என்று நாம் எழுதும்போது மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரை மறத்தல் பாவமாகும். அவர்கள் வைத்தியம் 1912ஆம் ஆண்டுச் சட்டம் முதலியவற்றால் தோட்டத்துரைமாரின் பொறுப்பில் விடப்பட்டது. அரசின் சேவை தோட்டத்து எல்லைக் கல்லோடு பெரும்பாலும் நின்றது. 1948இற் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து வந்த தேர்தற் சட்டமும் அவர்களிற் பெரும்பாலாரின் வாக்கைப் பறித்தன. வாக்குச்சீட்டே மருந்துச்சாலையைக் கொணர்ந்ததென்று மேலே கூறினோம். வாக்கிழந்தவர்க்கு மருந்துச்சாலையும் வரவில்லை. நாடு முழுவதும் சிசு மரணம் குறைந்த காலத்தில் லயன்களில் அது நீண்டகாலம் உயர்ந்தே நின்றது. 1970களிலே தோட்டங்கள் அரசுடைமையான பின்பே இவ்வேறுபாடு மெல்லக் குறையத் தொடங்கிற்று. இன்றும் முற்றாக நீங்கிற்றில்லை.

இன்னொரு வழியையும் யாழ்ப்பாணம் காட்டியுள்ளது. 1930களிலே மூளாய் மக்கள் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையைத் தாமே அமைத்துக்கொண்டனர். அரசைக் காத்திராது, துரைமாரை இரவாது, ஊரார் பங்குப்பணம் சேர்த்து வைத்தியரை அமர்த்திய அம்முயற்சி போற்றற்குரியது. அரசு யாவும் செய்யும் என்று கைகட்டியிருப்பவர்க்கும், அரசு ஏதுஞ் செய்யத் தேவையில்லை என்பவர்க்கும் மூளாய் ஒருங்கே பாடம் புகட்டுகின்றது. ஆயினும் மூளாயைப்போல ஊக்கமும் கல்வியும் வெளியூரில் உழைக்கும் மக்களும் எல்லா ஊர்க்கும் வாய்ப்பதில்லை. வாய்க்காத ஊரின் பிள்ளைக்கு யார் பொறுப்பு? இங்கேதான் அரசு வேண்டப்படுகின்றது.

இற்றை நிலையும் எமது கடனும்

1979இற் கூப்பன் அரிசி நீங்கி உணவு முத்திரை வந்தது. வருமானம் குறைந்தோர்க்கே அது வழங்கப்பட்டது. விலைவாசி ஏற ஏற முத்திரையின் பெறுமதி தேய்ந்தது. 1989இல் ஜனசவிய, 1995இற் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும என்று பெயர்கள் மாறின. ஏழைக்கு மட்டும் என்னும் திட்டங்கள் ஒவ்வொரு ஆட்சியிலும் இவ்வாறு பெயர்மாறித் தேய, யாவர்க்கும் என்று வைத்த ஆஸ்பத்திரி மட்டும் எழுபதாண்டுகளாக நிலைத்து நின்றது. இதன் காரணம் ஆராயத்தக்கது. தானும் தன் பிள்ளையும் பயன்படுத்தும் சேவையைக் காக்க ஆசிரியரும் உத்தியோகத்தரும் குரலெழுப்புவர். ஏழைக்கென ஒதுக்கிய சேவைக்காகக் குரலெழுப்புவார் ஏழையன்றி வேறிலர். அவர் குரலோ அவைக்கு எட்டுவதில்லை.

1985இல் இலங்கை, கேரளம், சீனா, கொஸ்ரறிக்கா ஆகியவை குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் கண்டவையென ரொக்பெல்லர் நிறுவனத்தாரின் ஆய்வு எடுத்துக்காட்டியது. வடக்குக் கிழக்கிற் போர் நடந்த காலத்தில், மருந்துத் தட்டுப்பாட்டிடையேயும் அரசாங்க ஆஸ்பத்திரி ஊழியர் தம் கடமையைச் செய்தனர். இன்று சிசு மரணம் ஆயிரத்துக்குப் பத்திலும் குறைவு.

எனினும் சுவரில் வெடிப்புகள் தோன்றியுள்ளன. 2022இல் நாடு கடன் தீர்க்கமுடியாது நின்றபோது ஆஸ்பத்திரிகளில் மருந்தில்லை. துண்டெழுதி வெளியே வாங்கும்படி நோயாளரை அனுப்பினர். நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழ அரைப்பங்கு இன்று மக்கள் தம் கையிலிருந்து நேரே கொடுப்பதாகும். இளம் வைத்தியர் பலர் கடல்கடந்து செல்கின்றனர். முன்னாளிற் கொள்ளைநோயே பெரும்பகை. இன்றோ நீரிழிவும் இருதயநோயும் ஆயுள் முழுதும் மருந்து கேட்கின்றன. வாசலிற் கட்டணம் வாங்காதபடியால் மட்டும் ஒரு சேவை இலவசமாகிவிடாது. உள்ளே மருந்து இருத்தல் வேண்டும். வைத்தியர் இருத்தல் வேண்டும்.

ஆகவே இலவசத்தை நீக்குக என்று சிலர் கூறுகின்றனர். நாம் அதனை ஏற்கோம். ஏழையைப் பிரித்தறியப் புகுந்த திட்டங்களின் கதையை மேலே கண்டோம். ஆனால் இலவசம் என்றுமே கேட்பாரின்றி நிற்கும் என்று எண்ணுவோரையும் நாம் ஏற்கோம். வரியை ஒளிப்பவன் நோயாளியின் மருந்தை ஒளிக்கின்றான். அரசாங்கச் செலவிற் கற்றுத் தேர்ந்தபின் இந்நாட்டுக்கு ஒரு நாளும் உழையாது செல்பவன் ஒரு கடனை எஞ்சவிட்டுச் செல்கின்றான். ஆஸ்பத்திரி மருந்து வெளியே விலைப்படுவதைக் கண்டும் வாளாவிருப்பவன் அதற்கு உடந்தையாகின்றான். உரிமை என்று பெற்றதைக் கடமையாற் காத்தல் வேண்டும்.

எமது இளைஞர்க்கு நாம் சொல்லவிழைவது இதுவே. உங்கள் பகுதி ஆஸ்பத்திரிக்கு ஒரு நலன்புரிச் சங்கம் இருக்கின்றதா என்று பாருங்கள், இருப்பின் சேருங்கள், இல்லையேல் அமையுங்கள். இரத்ததானம் செய்யுங்கள், நடக்கமாட்டாத முதியவரைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதனோடு நில்லாது, மருந்தில்லையாயின் ஏனில்லை என்று உரியவரிடம் எழுத்திற் கேளுங்கள். கஞ்சி வார்த்தலும் கேள்வி கேட்டலும் ஆகிய இரண்டையும் நாவலரவர்கள் செய்துகாட்டினார்கள். பெரியோரே, கட்டணங் கொடுக்கவியலாது பிள்ளையைப் பறிகொடுத்த அக்காலத்துக் கதைகளை வீட்டிலே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கதை மறந்த வீட்டிலே உரிமையும் மறந்துபோகும்.